ஹெல்த் பாலிசி பிரீமியம் ஏறினால்: நோட்டீஸ் எப்போது வந்தது என்று பாருங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பாலிசிக்காரர்களுக்குப் புகார் மனு எழுதிக் கொடுக்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறு, மொத்தத் தொகையைப் போன வருட ரசீதோடு ஒப்பிடுவது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதற்கு முன் 18 சதவீதம். அப்போது பிரீமியம் 20,000, வரி 3,600 என்று 23,600 ரூபாய் கட்டியவருக்கு, வரி போன பிறகும் 23,600 என்றே நோட்டீஸ் வந்தால் ஏறவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் பிரீமியம் 18 சதவீதம் ஏறியிருக்கிறது. வரி சேர்க்காத தொகையை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள்.

அடுத்து, ஏன் ஏறியது? வயது ஒரு படி தாண்டியிருந்தால் (சில பாலிசிகளில் 45, 50, 55 என்று படி இருக்கும்) கட்டண அட்டவணையில் முன்பே அச்சிட்ட தொகைதான் அது, வாதாட இடமில்லை. குடும்ப பாலிசியில் பெரும்பாலும் மூத்தவர் வயதுதான் கணக்கு. 'போன வருடம் கிளைம் வாங்கினீர்களே, அதனால்தான்' என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். தனிநபர் கிளைமை வைத்துப் புதுப்பிப்பில் கூடுதல் ஏற்றக் கூடாது. இரண்டும் இல்லையென்றால் நிறுவனமே கட்டணத்தை மாற்றியிருக்கிறது. காரணத்தை மெயிலில் கேளுங்கள். போனில் கிடைக்கும் பதில் புகாருக்கு உதவாது.

நிறுவனம் மாற்றிய கட்டணம் என்றால், பாலிசி நிபந்தனைகளில் 'பிரீமியம் உள்ளிட்ட விதிகள் திருத்தம்' என்ற பகுதியைத் தேடுங்கள். மாற்றம் அமலாவதற்கு மூன்று மாதம் முன்பே தெரிவிக்கப்படும் என்று பல பாலிசிகளில் இருக்கும். இந்த மூன்று மாதம் வெறும் மரியாதைக்கு அல்ல. வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்ய, அதாவது பாலிசியை அப்படியே மாற்றிக்கொண்டு போக, பொதுவாகப் புதுப்பிப்புத் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்; காத்திருப்புக் காலத்தில் (சில நோய்களுக்கு கிளைம் கிடைக்காத ஆரம்ப காலம்) இதுவரை கழிந்தது வீணாகாமல் மாற அதுதான் வழி. புதுப்பிக்க இருபது நாள் இருக்கும்போது நோட்டீஸ் வந்தால் அந்த வழி அடைபடுகிறது. புகாரில் இதைத்தான் அழுத்தி எழுத வேண்டும்; 'பிரீமியம் அதிகம்' என்று மட்டும் எழுதினால் நிற்காது.

எழுதுமுன் பாலிசி ஷெட்யூலில் (உங்கள் பெயர், தொகை, தேதி எல்லாம் இருக்கும் விவரத் தாள்) எந்த மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்டின் எண்ணும் மெயிலும் பதிவாகியிருப்பது சாதாரணம். நோட்டீஸ் அங்கே போயிருந்தால் நிறுவனம் 'அனுப்பிவிட்டோம்' என்று முடித்துக்கொள்ளும். முதல் வேலையாக எண்ணை மாற்றுங்கள்.

60 வயது ஆனவர்களுக்கு இன்னொரு பிடி உண்டு. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் நிறுவனம் முன்கூட்டியே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. 20,000 என்பது 22,000-ஐத் தாண்டினால் அந்த உத்தரவைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

புகார் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு. இரண்டு வருட ரசீது, ஷெட்யூல், நோட்டீஸ் வந்த தேதி தெரியும் எஸ்.எம்.எஸ். படம் அல்லது தபால் உறை, இவை போதும். அவர்களுக்கு 14 நாள். அசையவில்லையென்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார்த் தளமான பீமா பரோசா அல்லது 155255 என்ற போன் எண். ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது பாலிசிக்காரர் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் நடுவர். பிரீமியம் தகராறும் அவர் வரம்பில் வரும். கட்டணம், வக்கீல் எதுவும் வேண்டாம். விசாரணை வீடியோவிலும் நடக்கும் என்பதால் சென்னைக்கு பஸ் ஏறத் தேவையில்லை. நிறுவனத்தின் பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

இதற்கிடையில் பணத்தைக் கட்டாமல் நிறுத்தாதீர்கள். மாங்காய்ப் பணம் வரட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் கவனிக்க: ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டு, ஆனால் கட்டும்வரை அந்த நாட்களில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பாதுகாப்பு இல்லை. 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று ஒரு வரி மெயில் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள்.