ஆதார் கேட்கும் பஸ், கேட்காத பஸ்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2023 ஜூலையில் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கியபோது (முதல் முகாம் தருமபுரி மாவட்டம் தொப்பூரில்தான் தொடங்கியது) கடையில் நிற்க இடமில்லை. செப்டம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஆயிரம் ரூபாய் வந்தது. வராதவர்கள் மறுபடியும் என் கடைக்குத்தான் வந்தார்கள், மேல்முறையீடு எழுத.

அதில் ஒரு அக்கா, லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். குடியிருப்பது முழுக்க சிப்காட்டில் வேலை செய்யும் பீகார் பையன்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டர். வருஷத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டினால் தொகை கிடையாது என்பது விதி. "இந்திக்காரப் பசங்க ராப்பகலா ஃபேன் ஓடவிட்டு என் ஆயிரத்தைக் கெடுத்துட்டானுங்க" என்று சத்தம் போட்டார். மாசம் பிறந்தால் அவர்களிடம் வாங்கும் வாடகை பேச்சில் வரவில்லை. அந்தத் தொகைக்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வேண்டும், பையன்கள் அந்த வரிசையிலேயே இல்லை.

இதே அக்கா டவுன் பஸ்ஸில் ஒடிசாப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். இருவர் கையிலும் கட்டணமில்லாச் சீட்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், எந்த ஊர் என்று கண்டக்டர் கேட்பதில்லை. அதைப் பற்றி என் கடையில் ஒருவரும் புலம்பிக் கேட்டதில்லை.

அரசு அதிகம் கொடுத்தால் வெளியூர்க்காரர் மேல் வெறுப்பு கூடும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சல்லடை போட்டு ஆளைச் சலித்துச் சலித்துக் கொடுக்கும்போதுதான் 'எனக்கில்லாதது எவனுக்குப் போச்சு' என்று கண் தேடுகிறது. டென்மார்க்கில் 2002இல் கடைசி எட்டு ஆண்டில் ஏழு ஆண்டு அங்கே வாழாதவருக்கு உதவித்தொகையைக் குறைத்தார்கள். 2012இல் கைவிட்டு, 2015இல் வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். குடியேறியவர் பற்றிய சண்டை அதனால் அடங்கியதா என்றால், இல்லை.

சரி, ஆயிரத்தை எல்லோருக்கும் கொடு என்றால் கஜானாவைக் காட்டுவார்கள். அதுவும் நியாயம்தான்.

டென்மார்க் வரைக்கும் போவானேன்? எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி. கர்நாடகத்திலும் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு பஸ் இலவசம், ஆனால் அந்த மாநிலத்தவருக்கு மட்டும். அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் நம் பெண்கள் ஓசூர் முகவரி போட்ட ஆதாரோடு காசு கொடுத்துத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். அங்கே இவர்கள்தான் வெளியூர்க்காரர்கள்.