பாலைவனத்தில் படைகளுக்கு வழி செய்த தளபதி

போர் வரலாற்றில் முன்னணியில் நின்று மோதியவர்களின் பெயர்களே நிலைக்கின்றன. எனக்கோ, அவர்களுக்கு முன்பே தண்ணீரையும் எரிபொருளையும் வெடிபொருளையும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள்மீதுதான் பெருமதிப்பு. அவர்களில் முதன்மையானவர் அமெரிக்கத் தரைப்படையின் வில்லியம் கஸ் பகோனிஸ்.

வியட்நாமில் ஆற்றுப் படகுப் பிரிவை நடத்திய அவர், ஈராக் குவைத்தைக் கைப்பற்றிய சில நாள்களிலேயே, 1990 ஆகஸ்டில், சிறு குழுவோடு சவூதி அரேபியாவில் இறங்கினார். தங்குமிடம், வாகனம், சமையல் என எல்லாவற்றையும் உள்ளூரிலேயே பேசி ஏற்பாடு செய்ய வேண்டிய நிலையில் தொடங்கிய அந்தப் பணி, பின்னர் அவர் தலைமையில் 22ஆம் ஆதரவுக் கட்டளையகமாக வளர்ந்தது.

1991 ஜனவரியில், வளைகுடாப் போரில் ஈராக்மீது வான் தாக்குதல் தொடங்கிய பிறகு இரண்டு பெரும் படைப்பிரிவுகளை எதிரி அறியாமல் மேற்கே நகர்த்தியதையே அவருடைய உச்ச சாதனையாகக் கருதுகிறேன். எண்ணெய்க் குழாயை ஒட்டிய நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் நெருக்கமாக ஓடின; தரைவழித் தாக்குதல் தொடங்குமுன்பே பாலைவனத்தில் வழங்கல் தளங்கள் தயாராயின. மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டையில் யாரும் சிக்கலை எழுதி மேலே அனுப்பலாம் என்று அவர் வைத்திருந்த முறை, பதவி வேறுபாட்டைத் தாண்டிச் செய்தியை விரைவாக நகர்த்தியது.

போர்க்காலத்திலேயே லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்த அவர், போர் முடிந்தபின் மாதக்கணக்கில் அங்கேயே இருந்து, தளவாடங்களைத் திருப்பி அனுப்பும் பணியையும் நடத்தினார். 1993இல் ஓய்வுபெற்று, சியர்ஸ் நிறுவனத்தின் சரக்குப் போக்குவரத்துப் பொறுப்பை ஏற்றார்.