ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம், ஒரு கறுப்பு கார்

2024 அக்டோபர் 4, வெள்ளி

மாலை ஐந்து மணிக்கு ஒரு கறுப்பு ஹோண்டா சிட்டி எங்கள் கார் பாலிஷ் பட்டறைக்குள் வந்தது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். இறங்கும்போதே, "நாளைக் காலை விட்டால் மாலையில் எடுத்துக்கொள்ளலாம்தானே தம்பி?" என்றார். ஆயுத பூஜைக்கு இன்னும் ஏழு நாள். கோயம்புத்தூரில் இந்த வாரம் எல்லாக் காருக்கும் ஒரே நாளில் பளபளப்பு வேண்டும்.

"அடுத்த வெள்ளி காலை தருகிறேன் சார்" என்றேன். முகம் மாறிவிட்டது. போன வருடம் வேறொரு இடத்தில் மூன்றே மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார்களாம்.

வாதம் செய்யவில்லை. மேல்விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை பானெட்டின் மேல் பிடித்தேன். ஒளியைச் சுற்றிச் சிலந்தி வலை போலச் சுழல் கீறல்கள். அவற்றுக்கு நடுவே பஃபிங் (மெருகேற்றும்) இயந்திரம் விட்டுப்போன வளைந்த நிழல் வரிகள். கீறலை எடுக்காமல் எண்ணெயும் மெழுகும் வைத்து அடைத்திருக்கிறார்கள். நாலு முறை கழுவியதும் அடைத்தது கரைந்து போய்விட்டது.

"கீறல் எப்படி வந்தது?" என்றார்.

"தினமும் யார் துடைக்கிறார்கள்?"

"அடுக்குமாடியில் ஒருவர் வருகிறார். பன்னிரண்டு கார்களுக்கும் அவர்தான்."

"எத்தனை வாளி சார்?"

பதில் சொல்லாமல் சாவியை நீட்டினார்.

அக்டோபர் 5, சனி

இன்று முழுக்கக் கழுவும் வேலைதான். சக்கரங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம். பிறகு நுரை அடித்து ஊறவிட்டு, இரண்டு வாளி வைத்துக் கழுவினோம். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் கையுறையில் ஒட்டிய, கீறல் போடும் மண்ணை அலசும் தண்ணீர். இரும்புத்தூள் நீக்கும் திரவத்தை அடித்ததும் கதவுகளின் கீழ்ப்பகுதி ஊதாவாக வடிந்தது. பிரேக்கிலிருந்து பறந்து பெயிண்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகள் அது. எங்கள் பட்டறைப் பையன் முதல் தடவை இதைப் பார்த்தபோது பெயிண்ட்டே கரைகிறது என்று பயந்து குழாயைத் திறந்துவிட்டான். இப்போது வாடிக்கையாளர்களுக்கு அவன்தான் விளக்கம் சொல்கிறான்.

அதற்குப் பிறகு கிளே. ஒட்டிய அழுக்கைப் பிடுங்கும் களிமண் கட்டியை ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். சொரசொரப்பு அடங்கும்போது கைக்கே தெரியும். பானெட்டிலும் கண்ணாடியிலும் போர்த் தண்ணீரின் உப்புப் பொட்டுகள். பாதி கரைந்தன, மீதி பெயிண்டைத் தின்று குழி ஆக்கியிருக்கின்றன. ஊருக்குச் சிறுவாணி இருந்தும் காருக்குக் கிடைப்பது போர்த் தண்ணீர்தான். கடைசி அலசலுக்கு நான் வடிகட்டிய நீரைத்தான் வைத்திருக்கிறேன்.

இடுக்குகளில் காற்றடித்து ஈரத்தை வெளியேற்றி முடிக்கும்போது ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது. பாலிஷ் டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

பட்டறைக்கு விடுமுறை. ஆனாலும் தனியாக வந்து பெயிண்டின் தடிமனை அளந்தேன். இந்த வேலைக்கு அவசரமும் பேச்சுத் துணையும் ஆகாது. கூரை 110 முதல் 118 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). இடது கதவுகள் 120. பானெட் 94. வலது பின்கதவில் வைத்ததும் 260, கொஞ்சம் தள்ளி 310.

மீட்டர் சொல்வது மொத்தத் தடிமன்: அடிப்பூச்சு, நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்த்து. நாங்கள் தொடக்கூடியது மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் மட்டும். அது 40 மைக்ரான் அளவில் இருக்கும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கீறலை எடுப்பது என்றால் கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பரப்பையும் இறக்குவது. இறக்கியதைத் திருப்பி வைக்க முடியாது. பானெட்டில் ஏற்கெனவே ஒருவர் கைவரிசை காட்டியிருக்கிறார் என்பது அந்த 94-லேயே தெரிகிறது.

பின்கதவின் அந்த 260-உம் 310-உம் அங்கே மறுபடி பெயிண்ட் அடித்திருப்பதைக் காட்டின. உரிமையாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். வண்டியை இரண்டாம் கையாக வாங்கினாராம். "அடிபடாத வண்டி என்றுதானே விற்றான்" என்றவர் அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. டிங்கரிங் நன்றாகவே செய்திருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாது என்று ஆறுதல் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று வைத்த பிறகு தோன்றியது. இல்லை, சொல்லத்தான் வேண்டும்.

அக்டோபர் 7, திங்கள்

ரப்பர் விளிம்புகள், விளக்குகள், எழுத்துச் சின்னங்கள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். ஒன்றரை மணி நேரம். அதன் பிறகு சோதனைக் கட்டம். டிக்கியின் மேல் ஒன்றரை அடிச் சதுரம் எடுத்துக்கொண்டு, மிக மெல்லிய பாலிஷும், இயந்திரத்தில் மாட்டும் மென்மையான பேடும் வைத்துத் தொடங்கினேன். பாதிக் கீறல்கூடப் போகவில்லை. ஒரு படி கடுமையாக்கினேன், கொஞ்சம் போயிற்று. இன்னும் கடுமையாக வெட்டும் காம்பவுண்டுக்குப் போனேன், கீறல் போய் மங்கலான மூட்டம் வந்தது. இந்தக் கறுப்பு மிருதுவானது. எளிதாக வெட்டுப்படும், எளிதாகத் தழும்பும் ஆகும். முதலில் காம்பவுண்ட், அதன் மூட்டத்தை எடுக்க இரண்டாவதாக மெல்லிய பாலிஷ் என்று முடிவெடுக்க இரண்டு மணி நேரம்.

பையன் கணக்குப் போட்டான். வண்டி முழுக்க ஏறக்குறைய ஐம்பது கட்டம். ஒரு கட்டத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, துடைத்து, விளக்கில் பார்க்கப் பத்து நிமிடம். ஐந்நூறு நிமிடம். அதுவே இரண்டு சுற்று. "பதினாறு மணி நாற்பது நிமிடம் அண்ணா, டீ குடிக்காமல்" என்றான். குடித்தோம்.

அக்டோபர் 8, செவ்வாய்

காலை ஒன்பது முதல் இரண்டு வரை பராமரிப்பு மின்தடை. கைப்பிடிக் குழிகளில் இருக்கும் நகக் கீறல்களைக் கையாலேயே தேய்த்தோம். மின்சாரம் வந்ததும் காம்பவுண்ட் சுற்றைத் தொடர்ந்தேன். பம்பரில் வேகத்தைக் குறைத்தேன். அடியில் பிளாஸ்டிக், உலோகம் போலச் சூட்டைக் கடத்தாது, ஒரே இடத்தில் நின்றால் பெயிண்ட் வெந்துவிடும். என் மீட்டர் அங்கே அளவும் காட்டாது.

வலது முன்கதவில் ஒரு சாவிக் கோடு. நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. நகம் தட்டினால் பாலிஷில் போகாது என்பது தெரிந்தும் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரங்களை மட்டும் மழுங்க வைத்தேன். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. கிட்டே போனால் தெரியும், தெரியட்டும்.

மாலையில் உரிமையாளர் வந்தார். பானெட்டின் நடுவே டேப் ஒட்டி ஒரு பாதியை மட்டும் முடித்திருந்தேன். டேப்பை உரித்துக் காட்டியதும் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "சரி, வெள்ளியே வருகிறேன்."

அக்டோபர் 9, புதன்

இரண்டாம் சுற்று. காலை எட்டுக்குத் தொடங்கியது. மாலை ஆறுக்கு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்தோம். பாலிஷில் உள்ள எண்ணெய் நுண்கீறலை மறைத்துவிடும். அதை எடுத்தால்தான் உண்மை முகம் தெரியும். தெரிந்தது. டிக்கியிலும் இடது பின்பக்கத்திலும் மூட்டம் அப்படியே நிற்கிறது. இந்த நிலையில் மேலே பாதுகாப்புக் கோட்டிங் போட்டால் குறைக்கு மேல் கண்ணாடிச் சட்டம் போட்ட மாதிரி.

புதிய பேடு மாட்டி மறுபடியும் தொடங்கினேன். இரவு பதினொன்றரை ஆயிற்று. வீட்டுக்குக் கிளம்பும்போது ரத்தன் டாடா காலமானார் என்ற செய்தி வந்தது. பையனும் நானும் ஷட்டரை இறக்கிவிட்டுச் சற்று நேரம் வாசலிலேயே நின்றோம்.

அக்டோபர் 10, வியாழன்

செராமிக் கோட்டிங். பார்க்கிறவர்களுக்கு இதுதான் பெரிய வேலை. உண்மையில் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. சில சொட்டுகளைத் தடவி, வானவில் நிறம் எழும்வரை ஓரிரு நிமிடம் காத்திருந்து துடைக்க வேண்டும். தாமதித்தால் திட்டாக இறுகிவிடும். உள்ளே தூசி எடுக்க இன்னும் இரண்டு மணி நேரம். இன்று இரவு ஈரம் படக்கூடாது என்பதால் வண்டி பட்டறைக்குள்ளேயே இருக்கும்.

அக்டோபர் 11, வெள்ளி

மொத்தம் முப்பத்தொன்பது மணி நேரம். இயந்திரம் ஓடியது அதில் பாதிதான்.

கணவனும் மனைவியும் வந்தார்கள். அம்மையார் கையில் சந்தனக் கிண்ணம், குங்குமம், நாலு எலுமிச்சம்பழம். பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சந்தனத்தோடு விரல் பானெட்டை நோக்கி வந்தபோது என் கை தானாக நீண்டுவிட்டது. "ஒரு வாரத்துக்கு வேண்டாம்மா, கறை பிடித்துவிடும். கண்ணாடியில் வையுங்கள்."

"கண்ணாடிக்கா பொட்டு வைப்பார்கள்?" என்றார். சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன்.

"நம்பர் பிளேட்டில் வையுங்கள் அம்மா, அதுதானே வண்டியின் நெற்றி" என்றான் பையன்.

ஒரு கணம் யோசித்துவிட்டு, குனிந்து, மூன்று விரலால் நன்றாகவே பூசினார்.