கடைசி மூட்டைக் கரி

ஆகஸ்ட் 27

கொட்டகையில் கரி இன்னும் ஒரே ஒரு மூட்டைதான் இருக்கிறது. ஐந்து கிலோ. புதிதாக வாங்கப் போவதில்லை. ஜூலையில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. இப்போது எட்டு மணிக்கே தோட்டம் இருட்டிவிடுகிறது. இந்த மூட்டை தீர்ந்தால் இந்த வருஷத்துப் பார்பிக்யூ முடிந்தது. அதனால் அதில் எதைச் சுடுவது என்று நிதானமாக முடிவெடுக்க நினைக்கிறேன்.

தம்பி போனில், "பெருசா ஒரு மாட்டு நெஞ்சுக்கறி வெச்சிடலாம்க்கா" என்றான். அது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். சின்னவளுக்குச் சோளம் இருந்தால் போதும்.

ஆகஸ்ட் 30

பழைய மூட்டையில் அடியில் கிடந்த கரியை வைத்துக் கோழிக்கால் சுட்டேன். அடுப்பில் ஒரு பக்கம் மட்டும் தணல், மறுபக்கம் காலி. தோல் சிவக்கும்வரை தணலுக்கு மேலே, பிறகு காலிப் பக்கத்துக்குத் தள்ளி மூடி போட்டேன். தெர்மாமீட்டர் 74 டிகிரி காட்டியதும் எடுத்துவிட்டேன். கோழிக்கு அந்தச் சூடு வந்துவிட்டால் பயமில்லாமல் சாப்பிடலாம்.

ஆனால் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கடி கடித்தார். இடது பக்கம் கொஞ்சம் மென்றார், வலது பக்கத்துக்கு மாற்றினார். பிறகு எலும்பின் ஓரத்திலிருந்து நகத்தால் ஒரு நார் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மிச்சத்தைத் தட்டின் ஓரமாக, உரித்துப் போட்ட குடைமிளகாய்த் தோலுக்கு அடியில் மெதுவாகத் தள்ளினார். "வயிறு நெறஞ்சிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுச் சுட்ட வெங்காயம் இரண்டு எடுத்துக்கொண்டார்.

கோடை முழுக்க அவர் வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான் சாப்பிட்டிருக்கிறார். அவருக்குப் பிடிக்கும் போல என்று நினைத்திருந்தேன். ராத்திரி அதை நினைத்தபடியே படுத்திருந்தேன்.

செப்டம்பர் 2

கறி பயமில்லாமல் சாப்பிடும் அளவுக்கு வெந்துவிட்டதா என்பது ஒரு கேள்வி. மெல்ல முடிகிற அளவுக்கு வெந்ததா என்பது வேறு கேள்வி. இத்தனை நாள் முதல் கேள்வியை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோழிநெஞ்சை 74-க்கு மேல் விட்டால் வறண்டு சக்கையாகிவிடும். கால் அப்படியில்லை. ஓடியாடி வேலை செய்த தசை அது, இணைப்புத் திசு அதிகம். 80, 85 வரை விட்டால்தான் அது இளகி, எலும்பை விட்டுக் கறி கழன்று வரும். அன்றைக்கு இன்னும் கால் மணி நேரம் பொறுத்திருந்தால் மாமாவும் சாப்பிட்டிருப்பார்.

செப்டம்பர் 5

மீன் வைக்கலாமா என்று யோசித்தேன். மெத்தென்று இருக்கும், ஆனால் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வருஷத்தின் கடைசித் தீயைச் சுற்றி எல்லோரும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று மனசு சொல்கிறது.

ஆட்டின் முன்தொடை, தோள் எலும்போடு. முடிவு செய்துவிட்டேன். பின்தொடையில் கொழுப்பு குறைவு. ஆறு மணி நேரம் வைத்தால் காய்ந்துபோகும். முன்தொடையில் கறிக்கு நடுவே கொழுப்பும் சவ்வும் ஓடுகிறது. சவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற கெட்டியான புரதம் 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாகும். கறி 90-ஐத் தாண்டினால் கத்தியே வேண்டாம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே ரப்பராக நிற்கும். கட்டாயம் நேரம் கொடுத்தே ஆக வேண்டும்.

தம்பியிடம் சொன்னேன். "மாமாவுக்காகவா? அப்ப அதுதான் சரிக்கா" என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 10

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை ஏழரைக்குள் சூரியன் இறங்கிவிடும். இந்த மாசத்தில் தினமும் மூன்று நிமிடம் போலப் பகல் குறைகிறது. ஆறரைக்குச் சாப்பாடு என்றால் ஆறு மணிக்குக் கறியை இறக்கி ஆறவிட வேண்டும். அப்படியானால் பன்னிரண்டு மணிக்கு அடுப்பில் ஏற்றியாக வேண்டும்.

செப்டம்பர் 12

2.2 கிலோ. கிலோவுக்குப் பத்து கிராம் கணக்கில் 22 கிராம் உப்பு தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டு மேலெல்லாம் பளபளத்தது. சாயங்காலம் பார்த்தபோது அந்த உப்புத் தண்ணீரைக் கறியே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. நாளைக் காலைக்குள் மேல்புறம் காய்ந்துவிடும். காய்ந்தால்தான் நன்றாகச் சிவக்கும். பூண்டும் மிளகும் நாளைக்கு.

மழை வந்தால் அடுப்பைக் கொட்டகைக்குள் தள்ளிவிடலாம் என்றார் இவர். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது. கதவைத் திறந்து வைத்தாலும் நம்ப முடியாது. மழை வந்தால் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 13

மழை இல்லை. காற்று மட்டும் கொஞ்சம்.

கரிக்கட்டிகளை அடுப்பின் உள்விளிம்பை ஒட்டி அரை வட்டமாக இரண்டு வரிசை அடுக்கி, அதன் மேல் இன்னும் இரண்டு வரிசை வைத்தேன். ஒரு முனையில் மட்டும் பத்துக் கங்கு. கொசுவத்திச் சுருள் மாதிரி அது ஒரு முனையிலிருந்து நகர்ந்து நகர்ந்து எரிகிறது. கறி எதிர்ப்பக்கம், நெருப்புக்கு நேராக இல்லாமல். மூடிக்குள் சூடு 125-லேயே நிலையாக நின்றது. இவ்வளவு அடக்கமான தீயை இந்த வருஷம் நான் வைத்ததில்லை.

மூன்று மணிக்குக் கறி 68 டிகிரி. நாலு மணிக்கும் அதே 68. தம்பி பதறிப்போய்த் தீயைக் கூட்டச் சொன்னான். இது வழக்கமாக நடப்பதுதான். கறியிலிருந்து ஈரம் ஆவியாகி, வேர்வை காயும்போது உடம்பு குளிர்வதுபோல, ஏறும் சூட்டைப் பிடித்து நிறுத்துகிறது. பொறுத்திருந்தால் தானாகவே ஏறும். ஆனால் எங்களுக்குப் பகல் போதாது. மேல்புறம் நன்றாகக் கருஞ்சிவப்பாகிவிட்டதால் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றித் திரும்ப வைத்தேன். ஆவி வெளியேற வழியில்லாமல் போனதும் சூடு ஏறத் தொடங்கியது. ஆறு மணிக்கு 92.

இறக்கி வைத்துவிட்டு, மூட்டையில் மிச்சமிருந்த கரியையும் போட்டேன். நீறு பூத்ததும் சோளத்தை வரிசையாக வைத்தேன். காலையில்தான் பறித்தது. பறித்த நிமிடத்திலிருந்தே சோளத்தின் இனிப்பு மாவாக மாறிக்கொண்டிருக்கும் என்பதால் ஒருநாள்கூட வைக்க மனசு வரவில்லை. இடுக்கி சின்னவள் கையில். ஒரு மணிகூடக் கருகவிடாமல் திருப்பித் திருப்பிப் போட்டாள்.

தாளைப் பிரித்தேன். தோள் எலும்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும், ஒரு நார்கூட ஒட்டாமல், வெள்ளை வெளேரென்று வழுக்கிக்கொண்டு வந்தது. மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் துண்டு அவருக்கு. முள்கரண்டியால் ஒரு அழுத்து அழுத்தினார், கறி பிரிந்தது. வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தட்டை நீட்டினார்.

மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். வெங்காயத்தை யாரும் தொடவில்லை.

செப்டம்பர் 14

சாம்பலை இரும்பு வாளியில் அள்ளினேன். மேலே ஆறியிருந்தது, அடியில் கை வைக்க முடியவில்லை. இரண்டு நாள் வெளியிலேயே இருக்கட்டும். கம்பி வலையைத் தேய்த்துக் கழுவி, துரு ஏறாமல் எண்ணெய் தடவி வைத்தேன்.

காலையில் காபி கொடுக்கும்போது மாமா கேட்டார்: "நேத்து கறி மிச்சம் ஏதாவது இருக்காம்மா?"

ராத்திரியே இரண்டு துண்டு தனியாக எடுத்து வைத்திருந்தேன். சூடு பண்ணப் போகிறேன்.