கை வெச்சதா, சாண்டோவா?

போன வாரம் தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் அப்பாவுக்கு பனியன் எடுக்கப் போனேன், கடைப்பையன் தலையைக்கூட நிமிர்த்தாம "கை வெச்சதாண்ணா, சாண்டோவா?"ன்னு கேட்டான். சாண்டோதான்னு வாங்கிட்டு வந்து அப்பாகிட்ட குடுத்துட்டு "இதுக்கு ஏம்ப்பா சாண்டோன்னு பேரு?"ன்னேன். "சின்னப்பா தேவர் போடுவாருடா"ன்னு முடிச்சுட்டாரு.

அப்பா சொன்னது படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரை. அவருக்கும் முன்னாடி ஒரு சாண்டோ நம்ம சினிமாவுல இருந்தாரு, ராஜா சாண்டோ. ரெண்டு பேருக்குமே அந்தப் பேரு யூஜின் சாண்டோன்னு ஒரு வெளிநாட்டு பயில்வான்கிட்ட இருந்து வந்ததுதான், பனியனுக்கும் அவர்தான் காரணம்னு சொல்றாங்க. நம்மாளோட நிஜப் பேரு நாகலிங்கம், ஊரு புதுக்கோட்டை. தண்டால் கர்லான்னு உடம்பை ஏத்தி வெச்சிருந்த மனுஷன் பம்பாய்க்குப் போய் ஊமைப் படத்துல சண்டை சாகசம்னு ஆரம்பிச்சு ஹீரோவாவே ஆயிட்டாரு. இப்ப யோசிச்சா ஆச்சரியமா இருக்கு, ஒரு வார்த்தை இந்தி பேசி நடிக்க வேண்டியதில்ல பாருங்க! உடம்பும் மூஞ்சியும் பேசினா போதும், வசனத்தை நடுவுல அட்டையில எழுதிக் காட்டிருவாங்க, ஊருக்கு ஏத்தமாதிரி அட்டையில பாஷையை மாத்திக்கலாம். படிக்கத் தெரியாதவங்களுக்கு திரைக்குப் பக்கத்துல ஒரு ஆள் நின்னு கதை சொல்லுவாரு.

நான் சண்டைப் படம் மட்டும்தான் பண்ணியிருப்பாருன்னு நினைச்சேன், அப்படி இல்ல. 1926ல டைப்பிஸ்ட் கேர்ள், 1927ல குணசுந்தரி, ரெண்டும் பம்பாய் டைரக்டர் சந்துலால் ஷா எடுத்தது. குணசுந்தரில இவரு நடிகை கோஹருக்குப் புருஷன். அந்தம்மா வீடு, சமையல், மாமனார் மாமியார்னே கிடக்கும், இவரு ஒரு நாட்டியக்காரி பின்னாடி போயிடுவாரு, கடைசில அந்தம்மாவே நானும் வெளிய வரேன்னு கிளம்பிரும். 1927லயேங்க! சுத்தியும் புராணமா ஓடிட்டிருந்த காலம்.

அந்த பம்பாய் வாசனையோட மெட்ராஸ் வந்து, ஆர். பத்மநாபன் கம்பெனிக்குப் படம் எடுத்துக் குடுத்தாரு. 1930ல பேயும் பெண்ணும், அவரே நடிச்சு அவரே டைரக்ட் பண்ணது. பின்னாடி பெரிய டைரக்டரான கே. சுப்ரமணியம் எல்லாம் அந்தக் கம்பெனியில தொழில் பழகினவர்தான்.

பேசும் படம் வந்ததும் நிறைய பேரு காணாம போனாங்க, இவரு போகல. 1935ல நாடகக்காரங்க டி.கே.எஸ். சகோதரர்களை வெச்சு மேனகா. அடுத்த வருஷம் வசந்தசேனா, என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும் சந்திச்சது அந்தப் படத்துலதான். 1939ல தியாகராஜ பாகவதரை வெச்சு திருநீலகண்டர். சிவகவியும் இவரு ஆரம்பிச்சதுதான், நடுவுல விலகிட்டாரு, டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு முடிச்சாரு. செட்டுல கை நீட்டிருவாருன்னும் சொல்வாங்க. வாயில்லாத சினிமாவுல வளர்ந்தவருக்கு கைதான் முன்னாடி வரும்போலன்னு சிரிச்சுக்கிட்டேன், ஆனா அடி வாங்கினவன் சிரிச்சிருக்க மாட்டான்.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா அவரு மெட்ராஸ்ல எடுத்த ஊமைப் படம் ஒண்ணுகூட இப்ப இல்ல. தெற்க எடுத்த ஊமைப் படங்கள்ல தப்பிச்சது மார்த்தாண்ட வர்மா மட்டும்தான்னு சொல்றாங்க. அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட், ஒரு பொறி பட்டாலே குப்புன்னு பிடிக்கும், அதுக்கும் தப்பிச்சா உள்ள இருக்கற வெள்ளிக்காக உருக்கி வித்துருவாங்க. தமிழ்நாடு கவர்மெண்ட் சினிமா விருதுகள்ல ராஜா சாண்டோ விருதுன்னு ஒண்ணு குடுத்திருக்காங்க, வாங்கினவங்களே அவரோட மெட்ராஸ் ஊமைப் படத்துல ஒரு சீன் பார்த்திருக்க முடியாது.

இவ்வளவையும் அப்பாகிட்ட மூச்சு விடாம சொன்னேன். புது பனியனைத் தலைவழியா மாட்டிக்கிட்டே கேட்டுட்டிருந்தவரு, "சரி அந்த பேய்ப் படத்தைப் போடு, பாப்போம்"ன்னாரு.

இல்லப்பா, அழிஞ்சு போச்சுன்னேன்.

"அப்புறம் எதைப் பாத்துட்டுடா அரை மணி நேரமா கதை சொன்ன?"