வாயிலோன் வேடத்துக்குப் போட்டி

இலக்கியத்தை வகுப்பில் நடித்துக் காட்டுவது என்றதும் பலருக்கு ஆண்டு விழா மேடைதான் நினைவுக்கு வரும். வாடகைக் கிரீடம், அட்டைக் கத்தி, ஒலிபெருக்கியில் பின்னணி இசை, கணீரென்று பேசக்கூடிய ஒரு மாணவி கண்ணகி, ஓரத்தில் ஈட்டியோடு வரிசையாகக் காவலர்கள். அதற்கு நான் எதிரியில்லை. பெற்றோருக்கு மகிழ்ச்சி, நாலு படமும் கிடைக்கும். ஆனால் அந்தக் காவலர்களில் ஒருவன்கூடச் சிலப்பதிகாரத்தில் ஒரு வரி படித்திருக்க மாட்டான். கண்ணகியும் யாரோ எளிமையாக்கி எழுதிக் கொடுத்த வசனத்தைத்தான் ஒப்பித்திருப்பாள்.

என் வகுப்பில் நடப்பது வேறு. ஒரு பாடவேளை, சுவரோரம் தள்ளிய பெஞ்சுகள், மேசைமேல் ஒரு ஜோடிக் கொலுசு, அவ்வளவுதான். ஒப்பனை கிடையாது. வசனம் மூலத்தில் உள்ளது மட்டுமே; இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எளிய தமிழில் மாற்றிக் கொடுத்தால் பிள்ளைகளுக்குக் கதை கிடைக்கும். கதைதான் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியுமே! தெரியாதது செய்யுள். அதை ஒளித்து வைத்துவிட்டு இலக்கியத்தை எளிமையாக்கிவிட்டோம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பெரும்பாலும் வழக்குரை காதையில்தான் தொடங்குவேன். சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளில் (பகுதிகளில்) இருபதாவது; கண்ணகி பாண்டியன் அவையில் நீதி கேட்கும் இடம். கிட்டத்தட்ட முழுவதும் பேச்சு. முதல் நாள் நடிப்பே இருக்காது. சேர்ந்து கிடக்கும் சொற்களைப் பிரித்து, எந்த வரி யார் வாயிலிருந்து வருகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறிப்பதோடு மணி அடித்துவிடும். "கணவனை இழந்தாள் கடையகத்தாள்" என்ற இடத்தில் எவனாவது ஒருவன் "எந்தக் கடையில நிக்கிறாங்க ஐயா?" என்று கேட்பான். கேட்கட்டும். வாசலைத்தான் அங்கே கடை என்கிறார்கள் என்பது அந்தச் சிரிப்போடு நிலைத்துவிடும்.

வேடம் பிரிக்கும்போது எல்லோருக்கும் கண்ணகி வேண்டும், இல்லாவிட்டால் பாண்டியன் வேண்டும். வாயிலோன், அதாவது வாசற்காவலன், வேடம் கடைசியில் வேண்டாவெறுப்பாக யார் தலையிலாவது விழும். இரண்டாவது ஒத்திகைக்குள் அதற்குத்தான் போட்டி வரும். காரணம் இதுதான். கண்ணகி வந்து நின்று,

"வாயிலோயே வாயிலோயே
அறிவறை போகிய பொறியறு நெஞ்சத்து
இறைமுறை பிழைத்தோன் வாயிலோயே"

என்று கூப்பிடுகிறாள். திட்டு அரசனுக்கு, காதில் வாங்குகிறவன் காவலன். அவன் உள்ளே போய் இதைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை அந்த வேடத்திலிருந்த பையன் பாதி வழியில் நின்று, "அவங்க திட்டினதையும் ராஜாகிட்ட சொல்லணுமா ஐயா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. புத்தகத்தைப் பார்க்கச் சொன்னேன். எல்லோரும் பார்த்தார்கள். வாயிலோன் பேச்சில் அந்தத் திட்டு எங்குமே இல்லை. "வாழியெம் கொற்கை வேந்தே வாழி" என்று தொடங்கி வாழ்த்தாக அடுக்குகிறான். அதுவும் எப்படி? முறை தவறியவன் என்று வெளியே ஒருத்தி கத்திக்கொண்டிருக்க, இவன் உள்ளே "பழியொடு படராப் பஞ்சவ வாழி", பழி சேராத பாண்டியனே வாழ்க, என்கிறான்! பிறகும் நேராக விஷயத்துக்கு வருவதில்லை. வந்திருப்பவள் கொற்றவை அல்லள், காளி அல்லள், தாருகன் மார்பைக் கிழித்தவளும் அல்லள் என்று இல்லாதவர்களின் பட்டியலைப் போட்டுவிட்டு, "செற்றனள் போலும் செயிர்த்தனள் போலும்", கோபமாக இருக்கிறாள் போலும், என்று இழுத்து, கடைசியில்தான் கையில் சிலம்போடு ஒரு பெண் வாசலில் நிற்பதைச் சொல்கிறான்.

உரை நடத்தும்போது இந்த வாழ்த்துப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுவது வழக்கம். அடைமொழிகள்தானே என்று. நடிக்க நின்ற பையனுக்கு அது அடைமொழியாகத் தெரியவில்லை. கெட்ட செய்தியோடு தலைமையாசிரியர் அறைக்குள் அனுப்பப்பட்ட மாணவன் "வணக்கம் ஐயா, வணக்கம் ஐயா" என்று வாசலிலேயே தடுமாறுவதுபோல, ஒவ்வொரு வாழிக்கும் ஓரடி முன்னே வைத்து, அடுத்த வாழிக்கு அரை அடி பின்வாங்கினான். வகுப்பு சிரித்தது. அடுத்து வந்தவன் சிரிப்பே வராதபடி, உறைந்துபோய் ஒரே இடத்தில் நின்று சொன்னான். எது சரி என்று சண்டை. இரண்டுக்கும் பாட்டில் இடமிருக்கிறது என்று சொல்லி விலகிக்கொண்டேன். பயந்தவனா, சாமர்த்தியக்காரனா என்பதைத் தீர்மானிக்க அந்த வரிகளை அவர்கள் எத்தனை முறை திரும்பப் படித்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இப்படி உடம்பால் எழும் கேள்விகள் உரைநூலில் இருக்காது. "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே" என்கிறது காதை. சிலம்பை உடைத்தால் மாணிக்கம் தெறித்து அரசன் வாய்வரை போகவேண்டும் என்றால் கண்ணகி எங்கே நிற்க வேண்டும்? கதவோரம் நிறுத்தியிருந்த மாணவியை, தாள் உருண்டைகளை எறிந்து பார்த்து, மேசைக்கு இரண்டடி தள்ளி நிறுத்தினார்கள். அப்போது ஒருத்தி "நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய்" என்று அரசனே சொல்கிறானே என்று வரியைக் காட்டினாள். எனக்கே அந்த 'எம்முன்' அதுவரை ஒரு தூரமாகத் தோன்றியதில்லை.

மேடை வேண்டும் என்று அடம் பிடித்தால் மாதவியின் ஆடல் அரங்கேற்றத்தைச் சொல்லும் அரங்கேற்று காதைக்குப் போவோம். மேடைக்கு அதில் அளவு இருக்கிறது. இருபத்துநான்கு விரல் ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அந்த விரலை உரை பெருவிரல் என்று சொல்வதால் தரையில் கட்டைவிரல்களை வைத்து அளந்து சாக்பீஸால் கோடு போடுவார்கள். பெரியவர் விரலுக்குக் கணக்கிட்டால் நீளம் ஏறக்குறைய நான்கு மீட்டர் வரும். ஏழாம் வகுப்பு விரலுக்கு அரங்கம் சுருங்கிவிடும். பரவாயில்லை, நமக்கு அந்த இடம் போதும்.

பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் என்று புகார் வரும். பாடத்திட்டம் பின்தங்கும். மதிப்பெண் கூடுமா என்றால், மனப்பாடப் பகுதிக்குக் கட்டாயம் உதவுகிறது. மற்றபடி நான் உறுதி சொல்ல மாட்டேன். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நடிக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துவதில்லை. கூச்சப்படுகிறவர்களுக்குக் கதைசொல்லி வரிகள் இருக்கின்றன, கொலுசு ஆட்டும் வேலை இருக்கிறது. என் அனுபவத்தில் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு "வரி விட்டுப்போச்சு" என்று பிடிக்கிற பிள்ளைதான் கடைசியில் பாட்டை முழுதாக அறிந்தவளாக இருக்கிறாள்.

நீண்ட காப்பியத்துக்குத்தான் இது பொருந்தும் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். அதற்காகவே இந்தப் பருவத்தில் புறநானூற்றின் 86ஆம் பாட்டை எடுத்தேன். காவற்பெண்டு பாடியது, சின்னப் பாட்டு. "சிற்றில் நற்றூண் பற்றி, நின்மகன் யாண்டுளனோ என வினவுதி" என்று ஒரு தாய் யாரிடமோ பேசுகிறாள். கேட்டவர் யார் என்று பாட்டு சொல்லவில்லை. தூணைப் பிடித்து நிற்கிறார், அவ்வளவுதான். நடிக்க வேண்டுமென்றால் தூணருகே ஒருவரை நிறுத்தியாக வேண்டுமே. பக்கத்து வீட்டுப் பெண் என்றது ஒரு குழு. மகனுடைய தோழன் என்றது இன்னொன்று. போருக்கு ஆள் கூப்பிட வந்தவன் என்று மூன்றாவது குழு வாதாடியது. "புலி சேர்ந்து போகிய கல்அளை போல ஈன்ற வயிறோ இதுவே", புலி தங்கிப் போன குகை மாதிரி அவனைப் பெற்ற வயிறு இது, என்ற வரியைத் தோழனிடம் சொல்லும்போது பெருமையாக ஒலித்தது. ஆள் சேர்க்க வந்தவனிடம் சொன்னபோது அதே வரியில் கோபம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கான ஒத்திகை இன்னும் முடியவில்லை. தூணாக நிற்கும் பையன் தனக்கும் ஒரு வரி வேண்டும் என்கிறான்.