கொங்ஜின் என்றொரு ஊர் இல்லை, அக்கா

போஹாங் நகரத்தில் படமான இரண்டு பெரிய கொரியத் தொலைக்காட்சித் தொடர்களிலும் அது வேறு ஊராகத்தான் நடித்திருக்கிறது. 2021-இல் வந்த ‘ஹோம்டவுன் சா-சா-சா’வில் காங்வொன் மாகாணத்துக் கொங்ஜின். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வந்த ‘வென் த கமீலியா ப்ளூம்ஸ்’ தொடரில் ஓங்சான். அந்த ஊர்க்காரர்கள் பேசுவதோ சுங்சோங் என்ற வேறொரு பகுதியின் வட்டார வழக்கு. இரண்டும் கற்பனை ஊர்கள். போஹாங் இருப்பது தென்கொரியாவின் கிழக்குக் கடற்கரையில், வடக்கு கியோங்சாங் மாகாணத்தில். இரும்பாலைக்குப் பேர்போன நகரம். இங்கே ஆராய்ச்சி வேலையில் இருக்கும் எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அக்காவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. ‘சா-சா-சா’வின் பல் மருத்துவர் ஹே-ஜினும், கூப்பிட்ட குரலுக்கு எந்த வேலைக்கும் ஓடிவரும் ஹொங் து-சிக்கும் நடந்த தெருக்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வடக்கே சோங்ஹா சந்தை. தொடரில் ஊரின் நடுமையம் இதுதான். படப்பிடிப்புக்காக மாட்டிய பெயர்ப்பலகைகளைக் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். போரா சூப்பர், கொங்ஜின் சீன உணவகம் என்று ஒவ்வொன்றாக அக்கா அடையாளம் கண்டுகொண்டே போனாள். நடுவில் நிற்கும் பெரிய கணவாய்ச் சிலையும் தொடருக்காக வைத்ததுதான். “ஊசிக்கணவாய்க்குச் சிலை வைத்த ஊரை இப்போதுதான் பார்க்கிறேன்” என்றாள். இந்தக் கடலில் சில ஆண்டுகளாகக் கணவாய் பெருமளவு குறைந்துவிட்டது. கடல் சூடாகிறது, பிடிப்பவர்களும் அதிகம். இருப்பதைவிடச் சிலை பெரிது என்று நான் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை. தேதி 1, 6 என்று முடியும் நாள்களில் இங்கே ஐந்து நாளுக்கு ஒருமுறை சந்தை கூடும். அந்த நாளில் போனால் கீரைக் கட்டுகளுக்கும் மீன் தட்டுகளுக்கும் நடுவே படம் எடுக்கவே இடமிருக்காது. நான் அந்த நாளைத்தான் சிபாரிசு செய்வேன்.

வொல்போ கடற்கரையில் ஹே-ஜின் கழற்றி வைத்த காலணியைக் கடல் கொண்டுபோகும். அக்காவும் தன் காலணியைக் கழற்றி வைத்துப் படம் எடுக்கச் சொன்னாள். ஜனவரிக் காற்றில் அவள் வெறுங்காலோடு நின்ற நேரம் மிகக் குறைவு.

பிறகு வந்தது சண்டை. ஹொங்கின் வீட்டையும் தொடரில் வரும் கம்ரிப் பாட்டியின் வீட்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். அவை செட் அல்ல, ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். தொடர் பிரபலமானதும் கூட்டம் தாங்காமல், அங்கே போக வேண்டாம் என்று தயாரிப்புக் குழுவே ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது. “வாசலில் நின்று பார்த்தால் என்ன, தம்பி?” என்றாள். நம் வீட்டு வாசலில் தினமும் யாரோ நின்று ஜன்னலைப் படம் எடுத்தால் அம்மா வாரியலைத் தூக்கிக்கொண்டு வருவாளா, மாட்டாளா என்று கேட்டேன். அதன் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

குன்றின் மேல் ஹொங்கின் படகு இருக்கும் இடத்துக்குத் தாராளமாகப் போகலாம். அது ஒரு பொதுப் பூங்கா. சாபாங் நினைவுப் பூங்கா என்று பெயர். மண் அரிப்பைத் தடுத்த வேலையின் நினைவாக அமைத்தது. வந்தவர்கள் எல்லோரும் படகை நோக்கியே ஏறினார்கள். எனக்குப் படகைவிடக் குன்றுதான் பெரிய விஷயம். போஹாங்கை ஒட்டிய யோங்கில் விரிகுடாவைச் சுற்றியிருக்கும் மலைகள் ஒரு காலத்தில் புல்கூட இல்லாமல் மொட்டையாகக் கிடந்தன. அடியில் இருப்பது சேற்றுப்பாறை. வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, நட்ட செடியோடு சரிந்துவிடும். 1973 முதல் 1977 வரை ஊர்மக்கள் சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, மண் சுமந்து ஏற்றி, மரம் நட்டார்கள். போஹாங் ஆலையில் முதல் இரும்பு உருகி ஓடியதும் அதே 1973-இல்தான். இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா படகில் ஏறிவிட்டாள். அவளுக்குப் பின்னால் படத்தில் தெரிகிற பச்சை முழுவதும் கையால் நட்டது.

நகரத்தைக் கடந்து தென்கிழக்கே போனால் குர்யோங்போ. கமீலியா தொடர் எடுத்த தெரு இங்கே இருக்கிறது. காலனி ஆட்சிக் காலத்தில் மீன்பிடிக்க வந்து குடியேறிய ஜப்பானியர்கள் கட்டிய மர வீடுகளின் வரிசை அது. மேலே பூங்காவுக்கு ஏறும் படிக்கட்டில் உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்ப்பதுபோல எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். படியின் இருபுறமும் நிற்கும் கல்தூண்களை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. அவற்றில் ஜப்பானியக் குடியேறிகளின் பெயர்கள் இருந்தன. விடுதலைக்குப் பிறகு அந்தப் பக்கத்தைச் சிமென்ட் பூசி மூடி, தூண்களைத் திருப்பி நட்டு, மறுபக்கத்தில் கொரியர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். அக்கா தூணுக்குப் பின்னால் போய்ச் சிமென்ட்டை விரலால் தடவிப் பார்த்தாள். “இடித்துப் போட்டிருக்கலாமே?” என்றாள். நல்ல கல்லை யாராவது வீணாக்குவார்களா என்றேன். இருவரும் வரிசையில் நின்று அதே படியில் படம் எடுத்துக்கொண்டோம்.

குளிர்காலத்தில் குர்யோங்போவுக்கு வந்துவிட்டுக் குவாமேகி தின்னாமல் போகக் கூடாது. சௌரி என்ற நீள மீனைப் பிளந்து, உறைவதும் இளகுவதுமாகக் கடற்காற்றில் பாதி காயவிடுகிறார்கள். முன்பெல்லாம் ஹெர்ரிங் மீனில் செய்தார்களாம். கடற்பாசியில் பூண்டு, பச்சை மிளகாய், புளித்த மிளகாய் விழுதோடு சுற்றிப் பச்சையாகவே தின்ன வேண்டும். அக்கா ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். எண்ணெய் வடிந்தது. “கருவாடாகும் முன்பே அவசரப்பட்டு எடுத்துவிட்டார்கள்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, கடைக்காரப் பெண்ணிடம் கேட்கச் சொல்லிக் கேள்விகளை அடுக்கினாள். எத்தனை நாள் காயும், உப்பே போடுவதில்லையா, கிலோ என்ன விலை, ஈ மொய்க்காதா? நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். கடைசிக் கேள்விக்கு அந்தப் பெண் கையுறையைக் கழற்றி, சிவந்துபோன விரல்களைக் காட்டி, “இந்தக் குளிரில் ஈயா?” என்று சத்தமாகச் சிரித்தாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.